இரும்பின் மேல்தோல்

அவள் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரும் அவளைத் ‘தேய்மானம் மேடம்’ என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். தொழிற்சாலைகளுக்கு உலைகள் செய்து கொடுக்கிற கம்பெனி அது. அதன் பின்பக்கத்தில், லேத் பட்டறையை ஒட்டிய சின்ன அறையில் அவளுடைய உத்தியோகம். சுழலும் இரும்புத் தட்டின்மேல் ஓர் இரும்புக் குச்சியை அழுத்தி நிறுத்தி, மணிக்கணக்கில் தேயவிட்டு, எது எவ்வளவு தேய்ந்தது, ஏன் தேய்ந்தது என்று சொல்ல வேண்டும். “நல்லா இருக்கிற இரும்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கெடுக்கிறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு உத்தியோகம்” என்று அவளுடைய நாத்தனார் ஒருமுறை அலுத்துக்கொண்டதுண்டு.

மழை விட்ட ஒரு காலையில் அவளுடைய அதிகாரி கதவோரம் வந்து நின்றார்.

“அந்தக் கத்தரிக்கோல் ஃபேக்டரி தெரியுமில்ல, நம்ம உலை ஒண்ணு அங்க ஓடுதே. வாராவாரம் ஜாம் ஆகி நிக்குதாம். யாராவது நேர்ல போய்…”

“நான் போறேன் சார்.”

அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். வெளியூர் வேலை என்றாலே ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பவள் அவள். அந்தத் தொழிற்சாலையின் ஃபோர்மேன் அவளுடைய கணவர் என்பது அவருக்குத் தெரியாது. அவளுக்குக் கணவர் என்று ஒருவர் இருப்பதே அந்தக் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மறைக்க வேண்டும் என்று மறைத்ததில்லை. சண்டை போட்டுப் பிரிந்தவர்களாக இருந்தால் சொல்வதற்கு ஒரு கதையாவது இருந்திருக்கும். கல்யாணமான புதிதில் இருவரும் அந்தக் கத்தரிக்கோல் ஊரில்தான் இருந்தார்கள். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தபோது, “நீ முன்னால போ, நான் பின்னாலயே வந்துடறேன்” என்று அவர்தான் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். அவர் வேலையை விடுவதாக இருந்த மாதத்தில் மாமனார் குளியலறையில் விழுந்தார். ஒரு பக்கம் கை கால் வரவில்லை. தூக்கி உட்காரவைக்க, திருப்பிப் படுக்கவைக்க, மகனுடைய கை வேண்டியிருந்தது. அவர் தங்கிவிட்டார். முதலில் வாரம் தவறாமல் அவள் போய்வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு லீவு கிடைத்தால். ஃபோன் பேச்சும் “அப்பா சாப்பிட்டாரா”, “அங்க மழையா” என்று சுருங்கிக்கொண்டே வந்தது. கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லை. படுக்கையில் கிடப்பவர்மேல் யார் கோபப்படுவார்கள்.

போன வருஷம் மாமனார் கண்ணை மூடினார். எல்லாம் முடிந்து அவள் ஊருக்குத் திரும்பியபோது பஸ் ஸ்டாண்ட் வரை வந்தவர், “போய்ச் சேர்ந்ததும் ஃபோன் பண்ணு” என்றார். இனி அவரைக் கட்டிப்போட அங்கே ஒன்றுமில்லை, வந்துவிடுவார் என்று அவள் இருந்தாள். ஒவ்வொரு ஃபோனிலும் அந்த ஒரு வார்த்தைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. கூப்பிட்டால் வருவார் என்று ஒரு நாள் தோன்றும். கூப்பிட்டு வருவதும் ஒரு வருகையா என்று மறுநாள் தோன்றும். சாயங்காலம் வீடு திரும்பிக் கதவைத் திறக்கும்போது, உள்ளே யாராவது முன்பே விளக்கைப் போட்டிருப்பார்களோ என்பதுபோல வாசலில் ஒரு கணம் நிற்பது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. உள்ளே எப்போதும் இருட்டுதான்.

கத்தரிக்கோல் தொழிற்சாலையின் மேனேஜர் புதியவர், சுறுசுறுப்பானவர். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவளை உலைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“மேடம், இவர்தான் எங்க ஃபோர்மேன். இந்த உலையோட நாடி நரம்பெல்லாம் இவருக்கு அத்துப்படி. ஃபோர்மேன், மேடத்துக்குச் சுத்திக் காட்டுங்க.”

“வாங்க மேடம்” என்றார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. காதோரம் அவருக்கு நரை கூடியிருந்தது. சட்டையில் ஒரு பட்டன் மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. அவரே தைத்துக்கொண்டிருக்க வேண்டும். உலை ஆபரேட்டர், எந்நேரமும் சீட்டியடிப்பதால் ‘விசில்’ என்று பெயர் வாங்கியவர், அவர்கள் கல்யாணத்துக்கு வந்து பந்தலில் ஓடியாடி வேலை செய்தவர். அவர் சீட்டியை நிறுத்திவிட்டு, கூரையில் எதையோ தேடுகிறவர்போல அண்ணாந்து பார்த்தார்.

“வணக்கம்” என்றாள் அவள் தன் கணவரிடம்.

உலை ஒரு நீண்ட இரும்புப் பெட்டி. பதப்படுத்திய கத்தரிக்கோல் அலகுகள் தட்டுத் தட்டாக ஒரு முனையில் நுழைந்து, அளவான சூட்டில் வெந்து, மறுமுனையில் வெளியே வரும். அந்தத் தட்டுகளை உள்ளே தள்ளிக்கொடுக்க ஒரு வண்டி. அது உலைக்குள்ளேயே தண்டவாளம்போல இரண்டு எஃகு ரெயில்கள்மேல் முன்னும் பின்னும் சறுக்கும். அந்தச் சூட்டில் எண்ணெய் போட்டால் புகைந்து கருகிவிடும் என்பதால் எண்ணெய் கிடையாது. வெறும் எஃகின்மேல் வெறும் எஃகு. பல வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப என்னாச்சுன்னா,” என்றார் மேனேஜர், “வண்டி பாதியில ரெயிலைக் கவ்விக்குது. கடப்பாரை போட்டு நெம்பினாத்தான் விடுது. புது ரெயில் மாத்தினோம், ஒரு வாரம்கூடத் தாங்கல. உங்க கம்பெனி எஃகே சரியில்லன்னு நான் நினைக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“பழைய ரெயிலைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?”

“ஒரு துண்டு வச்சிருக்கேன்” என்றார் ஃபோர்மேன். யாரைப் பார்த்துச் சொல்வது என்று தெரியாமல் உலையைப் பார்த்துச் சொன்னார். “யாராவது கேப்பாங்கன்னு தோணிச்சு.”

பட்டறை மேஜையில் இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையதன் மேற்பரப்பு கருப்பாக, கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தது. அதன் ஓரப் பள்ளத்தில் செம்பழுப்பு நிறத்தில், மாவைவிட மெல்லிய பொடி ஒட்டியிருந்தது. அந்தத் துண்டின் ஒரு முனை மட்டும் வெள்ளையாகத் தேய்ந்து பிய்ந்திருந்தது. புதியது முழுக்கவே நாய் குதறியதுபோல இருந்தது. பிய்ந்துபோன இடமெல்லாம் பளபளவென்று வெள்ளி நிறம். அதிலிருந்து உதிர்ந்தவை பொடி இல்லை, மின்னுகிற செதில்கள்.

அவள் ஒரு செதிலை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “உலைக்குள்ள காத்து இருக்கா?”

“அதை மூடிட்டோமே” என்றார் மேனேஜர் பெருமையாக. “நான் வந்ததும் செஞ்ச முதல் வேலை அதுதான். முன்னாடி அலகெல்லாம் கருத்து நீலம் பூத்து வரும். பாலிஷ் போட்டே ஆளுங்க தேஞ்சு போனாங்க. இப்ப இடுக்கெல்லாம் அடைச்சு, நைட்ரஜன் விடறோம். அலகு உள்ள போன மாதிரியே வெள்ளி மாதிரி வெளிய வருது.”

“ரெயிலுக்கும் காத்து கிடைக்கலயே சார்.”

“துரு பிடிக்காம இருந்தா நல்லதுதானே மேடம்? அதோட, மூடினப்புறம் மூணு நாலு மாசம் நல்லாத்தான் ஓடிச்சு. மூடினதுதான் காரணம்னா மறுநாளே நின்னிருக்கணுமில்ல?”

கேள்வி நியாயமானதுதான். அவளிடம் பதில் இருந்தது, ஆனால் வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார் என்று தெரிந்தது. “பரிசோதனை பண்ணிக் காட்டறேன். ஒரு சின்னப் பெட்டி, ஒரு மோட்டார், ரெண்டு மூணு நாள், அதோட உங்க ஃபோர்மேன். இவ்வளவு போதும்.”

“தாராளமா” என்றார் மேனேஜர்.

அந்த நாட்களை அவள் பின்னால் பலமுறை நினைத்துப் பார்த்தாள். தன் அறையில் இருப்பதைப் போன்ற ஒன்றை அவள் தாளில் வரைந்து காட்ட, அவர் லேத்தில் நின்று ரெயில் எஃகிலேயே ஒரு தட்டையும் குச்சியையும் கடைந்தார். பழைய சூட்டடுப்பு ஒன்றைப் பெட்டியாக்கி, கண்ணாடி மூடி பொருத்தி, நைட்ரஜன் குழாயைச் சொருகினார். அவருக்கு ஸ்பேனரை நீட்டும் முன்பே எந்த ஸ்பேனர் என்று அவள் கைக்குத் தெரிந்திருந்தது. கல்யாணமான புதிதில் மிக்ஸியோ குழாயோ எது கெட்டாலும் இருவரும் தரையில் உட்கார்ந்து இப்படித்தான் பிரித்துப் போடுவார்கள். பாதி நேரம் திரும்பச் சேர்க்கத் தெரியாது. இப்போது மேனேஜர் உள்ளே வரும்போதெல்லாம் அவர் ‘மேடம்’ என்பார். போனதும் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசுவார்.

முதலில் காற்றை விட்டு ஓட்டினார்கள். சூடேறியதும் குச்சி தட்டில் கீச்சென்று கத்தியது. தட்டின்மேல் கீறல்கள் விழுந்தன. கொஞ்ச நேரத்தில் குச்சியைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி சேர்ந்தது. பொடி மிதிபட்டு, நசுங்கி, கெட்டியாகி, மெல்ல மெல்லக் கருப்பாக ஒரு வளையம் உருவானது. கீச்சுச் சத்தம் முனகலாகி, முனகல் நின்றுபோனது. உராய்வைக் காட்டும் முள் இறங்கி ஒரே இடத்தில் நின்றது.

“பாத்தீங்களா,” என்றாள் அவள். “இரும்பு தன்மேல தானே ஒரு தோல் போட்டுக்குது. காத்துல இருக்கிற ஆக்சிஜனைப் பிடிச்சு. இனிமே இரும்பும் இரும்பும் நேரா உரசாது, தோலும் தோலும்தான் உரசும். கிழிஞ்சாலும் உடனே புதுசு வரும்.”

“பழைய ரெயில்ல இருந்த கருப்பு இதுதானா? அழுக்குன்னு நானே எத்தனையோ தடவை சுரண்டியிருக்கேன்.”

“சுரண்டினதும் திரும்ப வந்திருக்கும். அப்ப காத்து இருந்துச்சு.”

பிறகு நிறுத்தாமலே நைட்ரஜனைத் திறந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. முள் அசையவில்லை. மேனேஜர் எட்டிப் பார்த்து, “நான் சொன்னேனே” என்பதுபோலப் புன்னகை செய்துவிட்டுப் போனார். அவர்கள் இருவரும் பெட்டி முன்னால் இரண்டு ஸ்டூல்களைப் போட்டு உட்கார்ந்தார்கள். மத்தியானம் விசில் வெளியே போய் இருவருக்கும் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிவந்து, வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

“இன்னும் விசிலடிக்கறாரா எந்நேரமும்?” என்றாள் அவள்.

“பல்லு ரெண்டு போயிடுச்சு. சுருதி மாறிடுச்சு.”

அவள் சிரித்தாள். அவர் தன் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, கேட்காமலே பாதியை அவள் பக்கம் தள்ளினார், பழைய பழக்கம். தள்ளிய பிறகுதான் நினைவு வந்ததுபோலக் கையை இழுத்துக்கொண்டார். அவள் அதைச் சாப்பிட்டாள்.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது முள் லேசாகத் துள்ளியது. கருப்பு வளையத்தில் ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு வெள்ளை தெரிந்தது. பிறகு இன்னோரிடத்தில். வெள்ளை அகலமானது. திடீரென்று பெட்டி முழுக்க உறுமியது. குச்சி தட்டைக் கவ்விக்கொண்டு, மோட்டார் முனகி நின்றது.

அவர் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். மூடிக்குள் செதில்கள் மின்னிக்கொண்டிருந்தன.

“இருந்த தோல்ல இத்தனை நேரம் ஓடிச்சு” என்றாள் அவள். “தேஞ்சதுக்கு மாத்து வரலை. அதான் உங்க உலையும் மூணு நாலு மாசம் தாக்குப்பிடிச்சிருக்கு. புது ரெயிலுக்குத் தோலே இல்ல, ஒரு வாரத்துல போச்சு. மேல ஒண்ணும் இல்லாத எஃகும் எஃகும் சேர்ந்தா ஒட்டிக்கும், பிச்சாத்தான் வரும்.”

அவர் கவ்விய குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம கதையும் ஒரு வகையில…” என்று ஆரம்பித்தார்.

“இரும்பைப் பத்திப் பேசும்போது இரும்பைப் பத்தி மட்டும் பேசுங்க” என்றாள் அவள். சொன்ன பிறகு, இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து ‘நம்ம’ என்று வந்த முதல் வார்த்தையைத் தானே வெட்டிவிட்டோமே என்று தோன்றியது. அவர் தலையாட்டிவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மேனேஜர் மறுநாள் அந்தத் தட்டையும் குச்சியையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேர்மையான மனிதர். “சரி, ஒத்துக்கறேன். ஆனா நைட்ரஜனை நிறுத்த முடியாது. அலகு கருத்துப்போகும். பென்சில் கரி மாதிரி கரிப்பலகையில வண்டிக்கு அடியில ஷூ செஞ்சு போட்டா? கரி வழுக்குமே.”

“கரி வழுக்கறதுக்கும் காத்துல ஈரம் வேணும் சார். காஞ்ச நைட்ரஜன்ல அது மாவா உதிரும்.”

கடைசியில் மூவருமாக உட்கார்ந்து ஒரு வழி கண்டார்கள். அலகுக்கு ஆகாத காற்று ரெயிலுக்கு வேண்டும் என்றால், ரெயில் உள்ளே இருக்கவேண்டியதில்லை. வண்டியும் ரெயிலும் உலைக்கு வெளியே வந்தால் எண்ணெயும் போடலாம். ஒரு நீளக் கம்பி மட்டும் உள்ளே போய்த் தட்டைத் தள்ளட்டும். உள்ளே தட்டுகள் உருளைகள்மேல் போகட்டும், உருளைகளின் முனை சுவரைத் தாண்டி வெளியே வந்து எண்ணெயில் சுழலட்டும். வரைந்து முடித்தபோது மேனேஜருக்கு அவ்வளவு சந்தோஷம். “உங்க ரெண்டு பேருக்கும் வேலையில நல்லாப் பொருந்துது மேடம்” என்றார். ஃபோர்மேன் பென்சிலைச் சீவப் போனார். சீவவேண்டிய அவசியம் அந்தப் பென்சிலுக்கு இல்லை.

அன்று சாயங்காலம் லாட்ஜ் அறைக்கு நாத்தனார் வந்தாள். அவருக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அறையை மேலும் கீழும் பார்த்தாள்.

“சொந்த வீடு இருக்கும்போது லாட்ஜா? நல்லா இருக்கு.”

“கம்பெனி போட்ட ரூம் அண்ணி.”

“அவன் நீ வர்றேன்னு தெரிஞ்சதுலேருந்து வீட்டைக் கழுவித் தள்ளிட்டான். அப்பா கட்டிலைக் கழட்டிப் பின்னால போட்டான். ஜன்னலுக்குப் புதுத் துணி. நான் கேட்டேன், அவளைக் கூப்பிட்டியாடான்னு. அவளுக்கே தோணட்டும்ங்கறான்.” நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “நீ என்ன சொல்லப்போறேன்னும் எனக்குத் தெரியும். அவருக்கே தோணட்டும்பே. ரெண்டு பேருக்கும் வாயை வச்சவன் சும்மா வச்சிருக்கான்.”

நாத்தனார் போன பிறகு, அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தாள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“அப்பா போனப்புறம் ஏன் வரலை?” என்றாள். வழியெல்லாம் வேறு எப்படியோ ஆரம்பிப்பதாக நினைத்திருந்தாள்.

அவர் செருப்பைக் கீழே வைத்தார். “நீ அங்க தனியா ஒரு வாழ்க்கையைச் சரி பண்ணிக்கிட்டே. நடுவுல வந்து நின்னா உனக்கு இடைஞ்சலோன்னு… நீயா ஒரு வார்த்தை கூப்பிடுவேன்னு பாத்தேன்.”

“நான் தினம் கதவைத் திறக்கும்போது நீங்க உள்ள இருப்பீங்களோன்னு நின்னுட்டுத்தான் உள்ள போறேன்.”

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “எனக்கு அது தெரியாதே” என்றார்.

“இப்பக் கூப்பிடறேன். வாங்க. வேலையை விட வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சும்மா வாங்க.”

அன்று இரவு உணவை அங்கேதான் சாப்பிட்டாள். புதுத் திரைத்துணி ஜன்னலுக்கு ஒரு சாண் குட்டையாக இருந்தது. அதைப் பற்றி இருவரும் சிரித்தார்கள். கொல்லைப்புறத்தில் மாமனாரின் கட்டில் கழற்றிய நிலையில் சாத்தியிருந்ததைப் பார்த்தபோது பேச்சு நின்றுபோனது. அவர் அவளை லாட்ஜ் வரை நடந்து கொண்டுவிட்டார். மறுநாள் அவள் ஊர் திரும்பினாள்.

உலை மாற்றம் நன்றாக ஓடுவதாக அவர் ஃபோனில் சொன்னார். ரெயிலைப் பற்றி, உருளையைப் பற்றி, மேனேஜர் எல்லோரிடமும் தானே கண்டுபிடித்ததாகச் சொல்லித் திரிவதைப் பற்றிப் பேசினார். வருவதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை; கேட்டாயிற்று. காத்திருப்பது முன்பைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் சும்மா ஏங்கினாள், இப்போது தேதி இல்லாத ஒன்றை எதிர்பார்த்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, கையில் ஒரு சின்னப் பையோடு அவர் வந்து வாசலில் நின்றார். “லீவு நாலு நாள் போட்டிருக்கேன்” என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

நாலு நாளும் இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டுதான் வளையவந்தார்கள். அவர் விடியும் முன் எழுந்து சமையலறையில் பாத்திரத்தை உருட்டினார். அவள் துண்டை அவர் எடுத்துக் குளித்தார். முதல் நாள் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவள் வீட்டில் மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலி இருப்பதை அவர் பார்த்தார். நின்றுகொண்டே சாப்பிட்டார். மறுநாள் அவள் வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டில் விளக்கு எரிந்தது. மேஜைக்கு எதிர்ப்பக்கம், வேறு மரத்தில், கொஞ்சம் உயரம் கூடுதலாக ஒரு நாற்காலி இருந்தது.

“ரெண்டும் ஜோடி சேரல” என்றார் அவர். “கடையில இது ஒண்ணுதான் இருந்துச்சு.”

நாலாம் நாள் அவரை பஸ் ஏற்றினாள். அடுத்த மாதம் வருவதாகச் சொன்னார். வேலையை விடுவதா, இங்கே ஏதாவது பட்டறையில் கேட்டுப்பார்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, கேட்டுப்பார்ப்பேன் என்றார். பஸ் திரும்பி மறையும்வரை கண்ணாடியோரம் அவர் தலை தெரிந்தது.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு, தன் நாற்காலியில் உட்காராமல் அந்தப் பக்கம் போய் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் சரியாகத் தரையில் படவில்லை. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியே எதிர் மாடியின் தண்ணீர்த் தொட்டியும், அதன்மேல் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்தும் அந்த மூலையிலிருந்து அவள் பார்த்ததேயில்லை. அந்த நாற்காலியில் சாப்பிடும்போதெல்லாம் அவர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தாள். சோறு ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.